ஒரு வரியை அழிக்க ஊரையே அணைக்கணுமா?

"நெட்வொர்க் ஸ்விட்சை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்களேன்." இனி எவனாவது என் காதில் இதைப் போட்டால் கன்சோல் கேபிளாலேயே விளாசிவிடுவேன்.

நேற்றுக் காலை கைரேகை வைக்கும் வருகைப்பதிவு மெஷினை மாற்றியிருக்கிறார்கள். பழையது செத்துப்போச்சு, புதியது வந்தது, அதே ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அதே முகவரி. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? ஒன்பதரைக்கு எச்ஆர் திரையில் மொத்த ஆபீஸும் ஆப்சென்ட்! மெஷின் கொண்டுவந்த பையன் தன் லேப்டாப்பை நேராக அதில் செருகிப் பிங் அடித்து, அதாவது "இருக்கியா" என்று கேட்டுப் பதில் வாங்கிக் காட்டிவிட்டு, "எங்க மெஷின் பக்கா சார், உங்க நெட்வொர்க்லதான் ஏதோ" என்று கிளம்பிப் போயே போய்விட்டான்.

மேனேஜர் ஓடி வந்தார். "கோர் ஸ்விட்சை ரீபூட் பண்ணிடலாம்ப்பா." ஐயா, மொத்த நெட்வொர்க்குக்கும் நடுப்பெட்டி அது, அதில் போன், கேமரா, பில்லிங் எல்லாம் தொங்குகிறது! பக்கத்து சீட் அறிவாளி அதற்குள் மேக் டேபிளை கிளியர் செய்துவிட்டு, "பண்ணிட்டேனே, சரியாகலையே" என்று முழிக்கிறான். மேக் என்பது ஒவ்வொரு மெஷினுக்கும் தயாரிப்பிலேயே வரும் அடையாள எண். ஸ்விட்சில் கேபிள் செருகும் எந்த போர்ட்டில் எந்த மேக் என்பது ஒரு டேபிள். எந்த ஐபிக்கு எந்த மேக் என்பது வேறு டேபிள், அதுதான் ஏஆர்பி. 1982-லிருந்து இருக்கிற சமாச்சாரம். இன்னுமா குழப்பம்?

சிஸ்கோ ஸ்விட்சில் நாம் கை வைக்காத வரை, பேச்சுமூச்சில்லாத மேக்கை ஐந்தே நிமிடத்தில் மறந்துவிடும். ஏஆர்பியோ 14400 நொடி, அதாவது நாலு மணி நேரம் பிடித்து வைத்திருக்கும். புது ஆள் வந்தவுடன் "இந்த ஐபி இனி என்னுது" என்று தானாகக் கூவினால் ஸ்விட்ச் திருத்திக்கொள்ளும். இந்த மெஷின் ஊமைக்கொட்டான். சர்வர் வந்து கேட்டால்தான் வாயைத் திறக்கும். சர்வர் கேட்பதையெல்லாம் ஸ்விட்ச் செத்துப்போன பழைய மேக்குக்கே எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த மேக் எந்த போர்ட் என்று தெரியாததால் எல்லாப் பக்கமும் வீசுகிறது. புது மெஷினுக்கும் போய்ச் சேருகிறது, "என் பெயர் இல்லையே" என்று அது தூக்கிப்போடுகிறது. கொடுமை!

சரி என்று "ஷோ ஐபி ஏஆர்பி" போட்டேன். டேபிளில் அந்த ஐபியின் வரிக்கு வயது 37 நிமிடம். சும்மா விட்டிருந்தால் இன்னும் 203 நிமிடம் இதே கூத்துதான். அதிலுள்ள மேக்கை மெஷின் முதுகில் ஒட்டிய சீட்டோடு ஒப்பிடலாம் என்றால் அங்கே இரண்டிரண்டு எழுத்தாக முக்காற்புள்ளி. விண்டோஸில் நடுக்கோடு. ஸ்விட்சில் நாலு நாலாகப் புள்ளி. அதே பன்னிரண்டு எழுத்துக்கு மூன்று வேஷம், காப்பி பேஸ்ட் செய்து தேடினால் ஒன்றும் சிக்காது. டார்ச் அடித்துக்கொண்டு விரல் வைத்து எண்ணினேன். கடைசி நாலும் வேறு.

"கிளியர் ஐபி ஏஆர்பி", பக்கத்தில் அந்த ஒரே ஐபி, என்டர். அடுத்த பிங்கில் முதல் பாக்கெட் மட்டும் விழுந்தது, மற்றதெல்லாம் பறந்தது. எவனுடைய போனும் கட்டாகவில்லை.

பத்தேகாலுக்கு மேனேஜரின் மெயில், எல்லோருக்கும்: "ஸ்விட்ச் ரீபூட் செய்யப்பட்டு பிரச்சினை தீர்க்கப்பட்டது."