எலிசபெத்தும் மேரியும் சந்தித்தார்களா? இல்லை

இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தும் ஸ்காட்லாந்து ராணி மேரியும் ரகசியமாக ஒருமுறை நேருக்கு நேர் பேசினார்கள் என்று ஒரு படக்காட்சியை வெட்டிப்போட்டு ‘மறைக்கப்பட்ட வரலாறு’ என்று பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. அவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை.

மேரி வேறு யாருமல்ல, எலிசபெத்தின் சொந்த அத்தையின் பேத்தி. 1562-ல் சந்திப்புக்கு ஏற்பாடு நடந்தது, பிரான்சில் மதப்போர் வெடித்ததும் எலிசபெத் தள்ளிவைத்தார், அதோடு சரி. 1568 மே மாதம் மேரி ஒரு மீன்பிடிப் படகில் தப்பி இங்கிலாந்துக்கு வந்து, நேரில் பார்க்க வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியும் எலிசபெத் அசையவில்லை. கிட்டத்தட்ட 19 வருடம் காவலில் வைத்திருந்தார், 1587 பிப்ரவரி 8-ல் ஃபாதரிங்கே கோட்டையில் மேரியின் தலை வெட்டப்பட்டது.

அப்புறம் இந்தச் சந்திப்புக் காட்சி எங்கிருந்து வந்தது? 1800-ல் ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் மேடைக்காகச் செய்த கற்பனை. மேடைக்கு அது தேவைதான், இரண்டு ராணிகள் கடைசிவரை கடிதத்திலேயே சண்டை போட்டால் யார் உட்கார்ந்து பார்ப்பது!

ஆனால் உண்மையிலும் சுவாரசியத்துக்குக் குறைவில்லை. 1586-ல் மேரியின் சங்கேதக் கடிதங்கள் பீர் பீப்பாயில் ஒளித்து வெளியே போயின, அந்த வழியையே எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கமின் ஆட்கள்தான் அமைத்துக் கொடுத்து, ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் சிக்கிய, எலிசபெத்தைக் கொல்லும் சதிக்கு மேரி இசைவு தந்த ஒரு கடிதம்தான் அவர் உயிரை வாங்கியது.

படத்தைத் தாராளமாக ரசியுங்கள், உடைகளுக்காகவே இரண்டு முறை பார்க்கலாம். அந்த ஒரு காட்சியை மட்டும் ஆதாரமாகப் பகிராதீர்கள்.