ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு ஒரு வாக்கெடுப்பு

நேத்து நம்ம அபார்ட்மென்ட் குரூப்ல ஓடுன வாக்கெடுப்பைப் பாத்தவங்களுக்குத் தெரியும் நான் எதைச் சொல்றேன்னு. ஹவுஸ்கீப்பிங் அக்கா மாசம் ஆயிரத்து ஐநூறு கூட்டிக் கேட்டாங்க. அதுக்கு ஆமா/இல்லைன்னு ஓட்டு! ஒரு சார், 'இவங்களுக்கு இப்பல்லாம் பேராசை'ன்னு எழுதுறாரு, அதுக்கு பதினேழு கட்டைவிரல்.

ஒரு ஆளுக்கு நாம ஏஜென்சிக்குக் கட்டுறது ஜிஎஸ்டி 18 சதவீதத்தோட இருபத்திரெண்டாயிரம் சொச்சம். பிஎஃப், ஈஎஸ்ஐ, யூனிஃபார்ம்னு பிடிச்சது போக அக்கா கைக்கு வர்றது பன்னெண்டரை. துரைப்பாக்கத்துல ஒத்த ரூம் வாடகை ஏழாயிரம். நூறு யூனிட் கரண்ட் ஃப்ரீதானேம்பீங்க, அது ஹவுஸ் ஓனருக்கு ஃப்ரீ, இவங்ககிட்ட யூனிட்டுக்கு ஒம்போது ரூபா வாங்குறாரு. லேடீஸுக்கு பஸ் ஃப்ரீதானே? ஃப்ரீதான், நான் இல்லைன்னு சொல்லல, ஆனா காலைல ஆறு மணி ஷிப்ட்டுக்கு அந்த ஃப்ரீ வெள்ளை போர்டு பஸ் வரலைன்னா ஷேர் ஆட்டோதான், அஞ்சு நிமிஷம் லேட்டானா அரை நாள் சம்பளம் போச்சு.

'கட்டுப்படி ஆகலைன்னா தள்ளிப் போய் இருக்கட்டும்'னு ஒரு மேடம். கூவம் ஓரத்துல இருந்தவங்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு கொண்டுபோய் விட்டாச்சே, இன்னும் எவ்ளோ தள்ளி மேடம்? செங்கல்பட்டு தாண்டியா? அப்புறம் காலைல ஏழு மணிக்கு உங்க வாசல் குப்பையை யாரு எடுப்பா?

எங்கப்பா அண்ணா நகர்ல நைட் வாட்ச்மேன். சம்பளம் பத்தாம் தேதிக்கு மேலதான் வரும். அண்ணாச்சி கடைக்கு அவர் போகமாட்டார், கடன் நோட்டைக் குடுத்து என்னைத்தான் அனுப்புவார். அண்ணாச்சி திட்டமாட்டாரு. ஆள் இருந்தா நோட்டைத் திருப்பி மொத்தத்தைக் காட்டிட்டு அடுத்த ஆளுக்கு எடை போடப் போயிடுவாரு. அரை கிலோ உளுந்துக்கு நான் நின்ன நேரம் எனக்குத்தான் தெரியும். அதனால பேராசைங்கற வார்த்தையை என்கிட்ட சொல்லாதீங்க.

'ஓவரா எமோஷனல் ஆகாதீங்க ப்ரோ, மெயின்டனன்ஸ் ஏறும்'னு தனியா மெசேஜ் வருது. ஏறும். கணக்கு போட்டேன், மூணு அக்காவுக்கும் சேத்துக் குடுத்தாலும் ஒரு வீட்டுக்கு அறுபது ரூபா கூட வரல. நியூ இயர் டிஜேவுக்கு வீட்டுக்கு ஆயிரம் வாங்குனப்போ யாரும் ஓட்டு கேக்கல. 2025 ஆகஸ்ட்ல சென்னை மாநகராட்சி ரிப்பன் மாளிகை வாசல்ல தூய்மைப் பணியாளர்கள் போராட்டத்துல உக்காந்தப்போ இதே குரூப்ல கைகூப்புற எமோஜி போட்டவங்கதான் நேத்து 'இல்லை'யை அமுக்குனது, பேரு தெரியுது சாமி, வாட்ஸப்புல ஓட்டு ரகசியம் இல்ல.

அக்கா மதியம் சாப்பிடுறது பேஸ்மென்ட்ல, மோட்டார் ரூம் பக்கத்துல. லிஃப்ட்டைத் துடைக்கலாம், அதுல ஏறக்கூடாது. அதுக்கு மட்டும் வாக்கெடுப்பே நடக்கல பாருங்க.

குரூப்ல இருந்து என்னைத் தூக்கணும்னா தூக்கிக்கோங்க. இந்த மாச மெயின்டனன்ஸ் கட்டிட்டேன்.