ரேவ் பாட்டில் உறுமுவது வாக்குவம் கிளீனர் அல்ல

1991-இன் ரேவ் (எலக்ட்ரானிக் நடன விருந்து இசை) ஹிட்டுகளில் ‘ஊஊவாங்ங்’ என்று இழுத்து உறுமும் ‘ஹூவர்’ (ஒரு வாக்குவம் கிளீனர் பிராண்டின் பெயர்) சத்தம், வாக்குவம் கிளீனரை மைக் வைத்துப் பதிவு செய்தது என்று ஒரு பகிர்வு சுற்றுகிறது. இல்லை, ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசரில் வாசித்தது என்கிறது இன்னொன்று. இரண்டுமே தவறு.

அது ரோலண்ட் ஆல்ஃபா ஜூனோ சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவி). ஒலி வடிவமைப்பாளர் எரிக் பெர்சிங் அமைத்த ‘வாட் த’ என்ற ஒலி அதிலேயே தயாராக வந்தது. செகண்ட் ஃபேஸின் ‘மென்டாஸ்ம்’, ஹ்யூமன் ரிசோர்ஸின் ‘டாமினேட்டர்’ இரண்டிலும் கேட்பது அந்தக் குடும்பத்துச் சத்தம்தான்.

303-இல் இருப்பது ஒரே ஆசிலேட்டர் (ஒலி அலையை உருவாக்கும் பகுதி); அது தருவது சா (ரம்பப்பல் வடிவ) அலை அல்லது ஸ்கொயர் (சதுர) அலை. கீழ் ஸ்தாயியில் சேர்ந்து ஒலிக்கும் சப்-ஆசிலேட்டரும் கிடையாது, ஒரே சத்தத்தைப் பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் தடிமனாக்கும் கோரஸும் கிடையாது. அதன் பெருமை, ஃபில்டர் (அலைவரிசைகளை வெட்டும் பகுதி) பிழிந்து தரும் ‘ஆசிட்’ வகை நடன இசைச் சத்தம். அது வேறு கதை.

சாஃப்ட்வேர் சிந்தில் செய்து பார்ப்பவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்: வெறும் சா அலையை எடுத்துக்கொள்கிறார்கள். ஆல்ஃபா ஜூனோவில் சா அலைக்கே பல்ஸ்-விட்த் மாடுலேஷன் (அலையின் அகல விகிதத்தைத் தொடர்ந்து மாற்றுவது) உண்டு. எல்எஃப்ஓவால் (மெதுவாக அலையும் கட்டுப்பாட்டு ஆசிலேட்டர்) அதை ஆட்ட வேண்டும். கீழே சப்-ஆசிலேட்டர், சுருதியை வளைக்க என்வலப் (நேரத்தோடு ஒலி மாறும் விதத்தை அமைக்கும் பகுதி), கடைசியில் வேகமான கோரஸ். கோரஸை அணைத்தால் சத்தம் சோனியாகிவிடும்.