கையெழுத்து வாங்கினால் கல்வி கொடுத்ததாகிவிடுமா?

மூன்று நாளாக எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. சனிக்கிழமை கூட்டத்துக் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், எனக்கே பத்துப் பதினைந்து பேர் அனுப்பிவிட்டீர்கள். ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டித் தடை வாங்கிய அந்த ஓட்டக்காரப் பெண்ணைப் பற்றிக் கேட்டதும் நிர்வாகி ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார் இல்லையா? "ஊக்கமருந்து தடுப்பு வகுப்பு நடத்தியிருக்கிறோம், கையெழுத்து போட்டிருக்கிறாள், இதற்கு மேல் ஊட்டியா விட முடியும்?" முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதில் இரண்டு பேர் பயிற்சியாளர்கள். ஒரு காலத்தில் என்னோடு ஓடியவர்கள். எனக்கு வலித்தது அந்த இடத்தில்தான்.

அந்தத் தாளைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அவள் பெயருக்கு நான்கு வரி மேலே என் கையெழுத்தும் இருக்கிறது. அந்த வகுப்பில் பயிற்சியாளராக நானும் இருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், கையெழுத்து கல்வி ஆகாது.

அன்று என்ன நடந்தது? போட்டிக்கு முந்தின நாள் மாலை. காலையிலிருந்து பயணம் செய்து வந்த பிள்ளைகள், பாதிப் பேர் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஆங்கிலத்தில் வரிசை வரிசையாக மருந்துப் பெயர்கள். வந்தவர் அதை அப்படியே வாசித்தார். நாற்பது நிமிடம். "சந்தேகம் உண்டா?" என்று கேட்டார், யாரும் கை தூக்கவில்லை. எதில் சந்தேகம் வரும் என்றே தெரியாதவர்கள் எப்படிக் கை தூக்குவார்கள்? அப்புறம், கையெழுத்து போட்டால்தான் போட்டி எண் தருவோம் என்றார்கள். எல்லாரும் ஓடிப்போய்ப் போட்டோம். நானும்தான். மறுநாள் காலையில் என்னிடம் யாராவது "நேற்று என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டிருந்தால், ஸ்டீராய்டு தப்பு என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, அதுதான் நாம் வாடா என்று சொல்வது, 2021 ஜனவரி 1 முதல் கல்விக்கென்றே தனியாக ஒரு சர்வதேசத் தரநிலை வைத்திருக்கிறது. அதில் ஒரு கொள்கை உண்டு. ஒரு விளையாட்டு வீரருக்கு ஊக்கமருந்து தடுப்போடு ஏற்படும் முதல் அறிமுகம் பரிசோதனை வழியாக இருக்கக் கூடாது, கல்வி வழியாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி நடந்திருக்கிறது? நான் பார்த்தவரை, பந்தயம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒருவர் வந்து அடையாள அட்டையைக் காட்டி "நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்" என்று சொல்வதுதான் முதல் அறிமுகம்.

இந்தப் பெண் விஷயத்துக்கே வருகிறேன். முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கொண்டாள். மூட்டுக்குள் போடும் குளூகோகார்ட்டிகாய்டு ஊசி, வீக்கத்தைக் குறைக்கும் ஒரு வகை ஸ்டீராய்டு. என் காலத்தில் மூட்டில் போடுவதற்குத் தடை இல்லை. 2022 ஜனவரி 1 முதல், எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் அது போட்டிக் காலத்தில் தடை. பயிற்சிக் காலத்தில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் உடம்பை விட்டுப் போக நாள் வேண்டும். சில மருந்துகளுக்கு மூன்று நாள் போதும், அவளுக்குப் போட்ட டிரையாம்சினோலோனுக்குப் பத்து நாள் விட வேண்டும் என்பது வாடாவின் வழிகாட்டுதல். அவள் ஆறாவது நாள் ஓடினாள். அந்த நான்கு நாள் கணக்கு யாருக்குத் தெரியும்? ஊசி போட்ட மருத்துவருக்குத் தெரியாது. அவள் பயிற்சியாளருக்குத் தெரியாது. நான் உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் தெரியாது. செய்தி வந்த பிறகு உட்கார்ந்து தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் அப்போதுதான் படித்தேன். போட்டிக் காலத்தில் மட்டும் தடை உள்ள மருந்தை, போட்டி இல்லாத நாளில் சிகிச்சைக்காக எடுத்திருந்தால், மருத்துவத் தேவைக்கான விலக்கு, டி.யூ.இ. என்போமே, அதைப் பிறகுகூட விண்ணப்பித்துக் கேட்கலாம். கிடைக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, ஆனால் கதவு இருக்கிறது. அதற்கு என்ன வேண்டும்? என்ன நோய், ஏன் அந்த ஊசி, எவ்வளவு அளவு என்று மருத்துவர் எழுதிய குறிப்பு வேண்டும், ஸ்கேன் வேண்டும். "எல்லாச் சீட்டையும் ஒரு ஃபைலில் போட்டு வைம்மா" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அது ஒரு வரி. அந்த நாற்பது நிமிடத்தில் அந்த ஒரு வரி இல்லை. நான் அங்கே இருந்தேன், இல்லை.

சரி, உடனே வருவார்கள் என்று தெரியும். "விதி தெரியாது என்பது ஒரு சாக்கா?" இல்லை, சாக்கு இல்லை. உன் உடம்பில் இருப்பதற்கு நீயே பொறுப்பு, எப்படி வந்தது, வேண்டுமென்று செய்தாயா என்பதெல்லாம் அடுத்த கேள்வி என்பதுதான் விதியின் அடிப்படை. அதை நான் எதிர்க்கவில்லை. அந்த விதி இல்லாவிட்டால் நேர்மையாக ஓடுகிறவர்களுக்குப் பாதுகாப்பே இல்லை. ஆனால் முழுப் பொறுப்பையும் இருபது வயதுப் பிள்ளை தலையில் வைக்கிறீர்கள் என்றால், அதைச் சுமக்கத் தேவையான அறிவையும் முழுசாகக் கொடுக்க வேண்டும் இல்லையா? தண்டனை முழுசாக வருகிறது, கல்வி மட்டும் ஏன் கையெழுத்தோடு நிற்கிறது?

"போனில் தேடினால் தெரிந்துவிடுமே" என்று இன்னொருவர் என் பழைய பதிவில் எழுதியிருந்தார். தேடிப் பாருங்கள் ஐயா. ஒரு மருந்துக்குத் தடை உண்டா என்று தேடிப் பார்க்கும் குளோபல் டி.ஆர்.ஓ. நல்ல தளம்தான், ஆனால் அது குறிப்பிட்ட சில நாடுகளில் விற்கும் மருந்துகளுக்குத்தான். சப்ளிமென்ட், அதாவது சத்துப் பவுடர் மாதிரியானவை, அதில் கிடையாது. ஒரே வணிகப் பெயரில் ஒரு நாட்டில் ஒரு மருந்தும் இன்னொரு நாட்டில் வேறு கலவையும் இருக்கும். அதனால் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் போட்டுத் தேடக் கூடாது, கீழே பொடி எழுத்தில் இருக்கும் வேதிப் பெயரைப் போட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் தேடுவார்கள். வாடாவின் இணையக் கல்வித் தளம் ஏடெல் இலவசம், பல மொழிகளில் பாடம் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதை அன்று யாராவது சொன்னார்களா?

தடைப் பட்டியலும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு ஜனவரி 1-லும் புதுப் பட்டியல் வரும். மெல்டோனியம் என்ற இதய மருந்துக்கு 2015 டிசம்பர் 31 வரை தடை இல்லை, மறுநாள் தடை. அதைப் பத்து வருடமாக எடுத்துக்கொண்டிருந்த டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவா அந்த மாதமே ஆஸ்திரேலிய ஓப்பனில் மாட்டினார். இரண்டு வருடத் தடை, மேல்முறையீட்டில் 15 மாதமானது. மேலாளர், மருத்துவ ஆலோசனை எல்லாம் இருந்த ஒருவருக்கே தவறியது. நம் பிள்ளைக்கு இருப்பது ஒரு விசிலும் நானும்.

என் அறைத் தோழி ஒருத்தி இருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் இந்தப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள். முகப்பரு அதிகம் என்று தோல் மருத்துவரிடம் போனாள். "நான் போட்டியில் ஓடுகிறேன் டாக்டர்" என்று சொல்லியும் இருக்கிறாள். "இது வெறும் தோலுக்குத்தானே, ஒன்றும் ஆகாது" என்றார். கொடுத்தது ஸ்பைரோனோலாக்டோன். அது சிறுநீர்ப் பெருக்கி. வேறு மருந்தின் தடயத்தை மறைக்க உதவும் என்பதால் போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் தடை.

பரிசோதனை அறைக்குத் துணையாக நான்தான் போனேன். மூடி திறக்காத தண்ணீர்ப் பாட்டில்கள் மேசையில் வரிசையாக இருந்தன. ஒன்றரை மணி நேரம் குடித்துக் குடித்துக் காத்திருந்தாள். அப்புறம் சிறுநீர் மாதிரிக்கான ஏ பாட்டில், பி பாட்டில் எண்களைச் சரிபார்த்தாள், தானே ஊற்றி மூடினாள். படிவத்தில் கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்து என்று ஒரு கட்டம் உண்டு. பையைத் திறந்து, மாத்திரை அட்டையை வெளியே எடுத்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினாள். "எழுத்துப் பிழை வந்துவிடப் போகிறது, நீ ஒரு தடவை பார்" என்று என்னிடம் காட்டினாள். நான் பார்த்தேன். "சரியாக இருக்கிறது" என்றேன்.

எழுத்து சரியாகத்தான் இருந்தது. ஓராண்டு தடை.

மறைக்க நினைப்பவள் அந்தக் கட்டத்தில் தன் கையாலேயே எழுதுவாளா? அவள் ஒரு நாளும் திரும்பி ஓடவில்லை. தடைக் காலம் முடிந்தது, ஆனால் "ஊசி போட்டு ஓடினவள்" என்ற பேச்சு முடியவில்லை. அவள் போட்டது ஊசியே இல்லை.

"மாட்டுகிற எல்லாரும் தெரியாமல் செய்தேன் என்றுதான் சொல்வார்கள்" என்பீர்கள். சொல்வார்கள்தான். பொய் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களால் பதக்கம் இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான்கு வருடம் கொடுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 16 வயது ஆண்ட்ரியா ரடுகானின் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கத்தைப் பறித்தார்களே, அது அணி மருத்துவர் சளிக்குக் கொடுத்த மாத்திரையால். அதில் இருந்த சூடோஎஃபெட்ரின் 2004-இல் பட்டியலிலிருந்தே போனது, 2010-இல் அளவு வரம்போடு திரும்பி வந்தது. அந்தத் தங்கம் மட்டும் திரும்பி வரவில்லை. மருத்துவர் கொடுத்ததை வாங்கிப் போட்டது தவிர அந்தக் குழந்தை என்ன செய்தது?

என் தப்பையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் யாரைக் கேட்கவும் தகுதி இல்லாதவள். போன வருடம் என் குழுவில் ஒரு தம்பி ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து "அக்கா, இது குடிக்கலாமா?" என்றான். இயற்கை மூலிகை என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அவசரம், அடுத்த சுற்று ஓட்டம் இருந்தது. "இயற்கைதானே, குடி" என்று சொல்லிவிட்டேன். இரவு பத்து மணிக்கு மனசு கேட்காமல் அவனிடம் டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற வரிசையில் மா ஹுவாங் என்று இருந்தது. அது எபிட்ரா செடி, போட்டிக் காலத்தில் தடையுள்ள எபிட்ரின் அதில்தான் இருக்கிறது. கை நடுங்கியது. அவன் ஏற்கெனவே ஒரு தடவை குடித்திருந்தான். அடுத்த போட்டிக்கு மூன்று வாரம் இருந்ததால் தப்பித்தோம்.

இதிலாவது பெயர் எழுதியிருந்தது. எழுதாமலும் இருக்கும். ஜெர்மனியின் கொலோன் ஊக்கமருந்து ஆய்வகத்தினர் 13 நாடுகளில் 634 சப்ளிமென்ட்களை வாங்கிச் சோதித்தபோது 94-இல், அதாவது கிட்டத்தட்ட ஏழில் ஒன்றில், டப்பாவில் குறிப்பிடாத ஹார்மோன் பொருள்கள் இருந்தன. பழைய ஆய்வுதான், ஆனால் அதற்குப் பிறகு டப்பா விற்பவர்கள் எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும், பேட்ச் என்போமே, அதைத் தனியாகச் சோதித்து முத்திரை கொடுக்கும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற திட்டங்கள் வந்தன. முத்திரை இருந்தாலும் தொகுதி எண் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், டப்பாவைத் தூக்கி எறியாமல் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். இதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது நான். பயிற்சியாளர். எனக்கு யார் சொன்னார்கள்? நானும் ஒரு கையெழுத்துதான் போட்டேன்.

அன்று கைதட்டிய இரண்டு பேரிடம் கேட்கிறேன். உங்கள் பிள்ளைகள் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? "தெரியாது" என்று பிள்ளைகள் சொன்னால் நாம் சிரிக்கிறோம். நமக்குத் தெரியாததற்கு யார் சிரிப்பது? தடை வாங்கிய அந்தப் பெண்ணின் முகத்தைப் போட்டு, கீழே அசிங்க அசிங்கமாக எழுதியிருக்கிறார்கள், அதை அவள் அம்மாவும் படிக்கிறார்கள். நேற்று அவளுக்குப் போன் பண்ணினேன். பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசவே இல்லை. கடைசியில் "அக்கா, நான் அந்த வகுப்பில் தூங்கிட்டேனோ?" என்று கேட்டாள். தூங்கவில்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், நான் பார்த்தேன்.

இப்போது அவள் அணியோடு பயிற்சி செய்யக் கூடாது, எந்தப் போட்டியிலும் எந்தப் பொறுப்பிலும் நிற்கக் கூடாது. தடைக் காலத்திலும் அனுமதி உண்டு என்று விதி தனியாகச் சொல்வது எதற்குத் தெரியுமா? அங்கீகரிக்கப்பட்ட ஊக்கமருந்து தடுப்புக் கல்விக்கும் மறுவாழ்வுத் திட்டங்களுக்கும்தான். எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கல்வி அவளுக்குக் கிடைக்கும்.

என் குழுப் பிள்ளைகளுக்கும், வர விரும்பும் மற்றவர்களுக்கும்: ஞாயிறு காலை பயிற்சி இல்லை, உட்கார்ந்து பேசப் போகிறோம். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை, சிரப், இன்ஹேலர், பவுடர் டப்பா, மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அம்மா அப்பாவையும் கூட்டி வாருங்கள். ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துப் பார்ப்போம், எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி. எனக்குப் புரியாததை எழுதி வைத்து, தெரிந்த மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன். யாரும் எதிலும் கையெழுத்து போட வேண்டாம்.