ராத்திரி ஒன்பது மணிக் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தியும்

போன வாரம் ஆராதனை முடிந்து செருப்பு போடும்போது எங்கள் சபை அக்கா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "போன்ல யார் யாரோடயோ உக்காந்து வேதம் பேசுறியாமே, நம்ம சபை உனக்குப் பத்தலையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கவலையோடுதான் கேட்டார். நின்ற இடத்தில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு நாளாக மனசுக்குள் ஓடுவதை இங்கே எழுதிவிடுகிறேன். அக்காவும் படிப்பார் என்று தெரியும்.

நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். அம்மா பெந்தெகொஸ்தே சபை. பாமணி ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிய ஒரு ஐப்பசியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். அந்த நாளைத் தன் பிறந்தநாளைவிடப் பெரிதாக நினைப்பார். வாழ்க்கைப்பட்டது பொறையாறு பக்கம், தலைமுறை தலைமுறையாக லுத்தரன் குடும்பம். மகன் பிறந்த மூன்றாம் மாதம் ஆலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்தோம். அம்மா வந்தார், பேரனைத் தூக்கி முத்தம் கொடுத்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பஸ் ஏறும்போது மட்டும், "பெரியவனானதும் முழுக்கு எடுக்கச் சொல்லும்மா" என்றார். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவோடு ஜெபிக்க வந்த ஒருவர் பத்துப் பேர் முன்னால், "தலையில தண்ணி தெளிச்சதெல்லாம் ஞானஸ்நானமே கிடையாது. உன் பிள்ளை இன்னும் அஞ்ஞானிதான்" என்றார். பிள்ளை அப்போது என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த வார்த்தை வருடக்கணக்கில் என்னை அரித்தது. யாரிடம் போய்க் கேட்பேன்? புகுந்த வீட்டில் கேட்டால் பிறந்த வீட்டுப் பேச்சைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பார்கள். பிறந்த வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்று கேட்காமலே தெரியும். போதகர் ஐயாவுக்கு நாலு ஊர் ஆலயம். ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் அடுத்த ஊருக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். கல்யாணம், அடக்கம், கணக்கு வழக்கு, ஆலயக் கூரை ஒழுகல் எல்லாம் அவர் தலையில்தான். ஆனால் எங்கள் சபைகளில் பிரசங்கம் கேட்க நேரம் உண்டு, பாட நேரம் உண்டு, ஜெபிக்க நேரம் உண்டு. கேள்வி கேட்பதற்கென்று ஒரு நேரம் கிடையாது. கேட்கிறவளுக்கு விசுவாசக் குறைவு என்று ஒரு பேரும் வந்துவிடும்.

2020-ல் ஊரடங்கு வந்து ஆலயம் பூட்டிக் கிடந்தது. வீட்டில் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைக்கிறவள் நான். அந்த மாதங்களில் முகக்கவசமாகத் தைத்துத் தள்ளினேன். என்னோடு படித்தவள் ஒருத்தி குவைத்தில் நர்ஸ். அவள்தான், "செவ்வாய்க்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஜூம்ல சேர்ந்து வேதம் படிக்கிறோம், வந்து கேட்டுப் பாரு" என்றாள். மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது பேருக்குள்தான் இருந்தார்கள். கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கத்தோலிக்கர். திருச்சியிலிருந்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) தம்பி ஒருவர். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர் ஒருவர். சிங்கப்பூரிலிருந்து பிரதரன் சபைப் பெண் ஒருவர்.

முதல் மாதம் வார்த்தைகளிலேயே போனது. நாங்கள் கிருபை என்பதை ஆசிரியர் அருள் என்பார். எங்களுக்கு இரட்சிப்பு, அவருக்கு மீட்பு. எங்கள் ஞானஸ்நானம் அவருக்குத் திருமுழுக்கு. அப்போஸ்தலருடைய நடபடிகளைத் திருத்தூதர் பணிகள் என்று அவர் வாசித்தபோது அது வேறு புத்தகம் என்றே நினைத்தேன். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்து 1995-ல் வந்த பொது வேத மொழிபெயர்ப்பை அதுவரை நான் கையால் தொட்டதில்லை. எங்களுக்குள் பாதிச் சண்டை அகராதிச் சண்டைதான் என்று புரிய எனக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருக்கிறது.

ஞானஸ்நானத்தை மட்டும் ஏழு செவ்வாய் பேசினோம். நான்தான் கேட்டேன். குரல் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவில்லை. சிங்கப்பூர் சகோதரி தன் பக்கத்தை நேர்மையாக வைத்தார்: மாற்கு 16:16-ல் விசுவாசம் முதலில் வருகிறது, ஞானஸ்நானம் பிறகு, கிரேக்க மூலச் சொல்லுக்கே அமிழ்த்துதல் என்ற பொருள் இருக்கிறது, 1525-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக்கில், குழந்தையில் பெற்றது போதாதென்று மறு ஞானஸ்நானம் எடுத்தவர்களில் சிலர் அதற்காக உயிரைக் கொடுத்தார்கள். அம்மாவின் விசுவாசத்துக்குப் பின்னால் இவ்வளவு இரத்தம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. யாழ்ப்பாணத்துப் போதகர் அடுத்த வாரம் அப்போஸ்தலர் 16-ஐ எடுத்தார். லீதியாள் வீட்டார், சிறைச்சாலைக்காரன் வீட்டார் என்று வீடு வீடாக ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அந்த வீடுகளில் குழந்தை இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. "இருந்தது என்று நானும் சத்தியம் செய்ய முடியாது, இல்லை என்று நீங்களும் சொல்ல முடியாது" என்றார். கொலோசெயர் 2-ல், யூத ஆண் குழந்தைகளுக்கு எட்டாம் நாளில் செய்கிற விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் பவுல் ஒன்றாக வைத்துப் பேசுவதைக் காட்டினார். நாம் தேவனுக்குச் செய்கிற காரியமா, தேவன் நமக்குச் செய்கிற காரியமா என்பதுதான் அடியில் கிடக்கிற கேள்வி என்றார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் லுத்தர் ஏன் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்றார் என்பது எனக்கு விளங்கியது. சின்ன வயதில் ஞானோபதேசம் மனப்பாடம் பண்ணின என் வீட்டுக்காரருக்கும் அது புதிதாகத்தான் இருந்தது.

நான்காம் வாரம் கும்பகோணம் ஆசிரியர் திதாகே என்ற பழைய நூலைப் பற்றிச் சொன்னார். அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுந்த திருச்சபைக் கையேடு. ஓடும் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடு, அது இல்லையென்றால் வேறு தண்ணீரில் கொடு, இரண்டும் போதாதென்றால் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்று என்று அதில் இருக்கிறதாம். கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாங்கள் கடைமடைக்காரர்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துக் கிடக்கிறவர்கள். ஆறு நிறைந்தால் முழுகு, நிறையாவிட்டால் ஊற்று என்று அத்தனை காலத்துக்கு முன்பே யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மாவின் பாமணி ஆறும் என் மகன் தலையில் விழுந்த மூன்று கை தண்ணீரும் அந்த ஒரே பக்கத்தில் இருந்தன.

ஏழாம் வாரமும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. சிங்கப்பூர் சகோதரி இன்றும் தன் நிலையில்தான் இருக்கிறார். ஆனால் அஞ்ஞானி என்ற வார்த்தை என்னை விட்டுப் போய்விட்டது. அம்மாவோடு உட்கார்ந்து அழாமல் பேச முடிகிறது.

அக்கா, இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. நம் தரங்கம்பாடியிலேயே நடந்தது. ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறி 1706 ஜூலை 9-ல் இங்கே வந்து இறங்கினார். ஏழு மாதத்துக்கு மேல் கடலில். 1712 முதல் 1714 வரை அவரும் உடன் ஊழியரான கிரண்ட்லரும் நம் ஊர் இந்துக்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள்: கடவுள் யார், பாவம் எது, கிறிஸ்தவர்களைப் பார்த்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது. நம் ஆட்கள் தயங்காமல் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகின. முகம் பார்க்காத ஆட்கள் எழுத்தில் இறையியல் பேசுவது நம் கடற்கரையில் முந்நூறு வருஷப் பழக்கம்.

இராஜநாயக்கன் கதை எனக்கு இன்னும் நெருக்கம். தஞ்சாவூர் ராஜா படையில் இருந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சடித்த சுவிசேஷப் புத்தகம் எப்படியோ அவர் கைக்கு வந்தது. படித்துப் படித்துத்தான் தரங்கம்பாடிப் பக்கம் வந்தார். ஐக்கியம் அவருக்கு ஒரு புத்தகத்தில் தொடங்கியது, எனக்கு ஒரு போனில் தொடங்கியது போல. பிறகு தஞ்சாவூர்ச் சீமையெங்கும் உபதேசியாராக உழைத்தார். அவரைப் போலவே உபதேசியாராக இருந்த ஆரோனுக்கு 1733-ல் குருப்பட்டம் கொடுத்தார்கள். இராஜநாயக்கனுக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை. அவர் பறையர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் முன்வர மாட்டார்கள் என்று தயங்கினார்கள்.

அவர் எடுத்துச் சொன்ன வசனம் வேண்டும், அவர் நீட்டுகிற அப்பம் வேண்டாம். இதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் இருக்கிற ஐக்கியத்தின் குறை எது என்று எனக்குக் காட்டிக் கொடுத்ததும் இந்தக் கதைதான். எங்கள் குழுவில் எல்லோரும் பிரதர், எல்லோரும் சிஸ்டர். ஒருநாள் புதிதாக வந்தவர் ஒருவர் என்னிடம், "சிஸ்டர், பொறையாறுன்னா எந்தத் தெரு?" என்று கேட்டார். டெல்டாவில் தெருவைக் கேட்பதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? ஆசிரியர் உடனே, "தெரு வேண்டாம் தம்பி, வசனத்துக்கு வாங்க" என்று நிறுத்திவிட்டார். அன்றைக்கு அது போதும். ஆனால் திரையில் யார் கையாலும் யாரும் எதையும் வாங்க வேண்டியதில்லை. பிடிக்காத ஆளை ஒரு விரலால் ஊமையாக்கிவிடலாம். கூரையும் பாயும் இல்லாத இடத்தில் அன்பாக இருப்பது சுலபம்.

அதனால்தான் ஊரடங்கில் அவரவர் வீட்டிலேயே ரொட்டியும் திராட்சை ரசமும் வைத்துக்கொண்டு போன் முன்னால் நற்கருணை எடுக்கலாம் என்று குழுவில் சிலர் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. கொரிந்து சபையில் சிலர் பசியாயிருக்க, சிலர் முன்னாலேயே சாப்பிட்டு முடித்தார்கள். பவுல் அவர்களைத் தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார். அதற்கு ஒரே இடம் வேண்டும், அதே பாத்திரத்தில் எனக்கு முன்னால் குடித்தவர் யார் என்று நான் பார்க்க வேண்டும். பார்த்தும் குடிக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் என் அத்தைக்குப் போதகர் ஐயா மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுக்கிறார். அத்தை தினமும் போனில் பிரசங்கம் கேட்கிறார், கீர்த்தனை கேட்கிறார். ஆனால் ஐயா வரும் நாளில்தான் தலை சீவி, துவைத்த புடவை கட்டி உட்காருகிறார்.

போனில் தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கூட்டமும் எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மாதிரி இருக்காது. நான் இரண்டு இடத்தில் சேர்ந்து வெளியே வந்தவள். ஒன்றில் மூன்றாவது வாரமே காணிக்கை அனுப்ப எண் வந்தது. கொடுக்காதவர்களுக்கு மழை நிற்கும் என்ற தீர்க்கதரிசனமும் வந்தது. இன்னொன்றில் மற்ற சபைகளைத் திட்டுவதே பாடம், மாதாவைப் பற்றிப் பேசினது காதில் வைக்க முடியாது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்துக் கொடுக்கிற ஊர்க்காரி நான், எனக்கு அது தாங்கவில்லை. சொல்லிக் கொடுக்கிறவர் எந்தச் சபைக்குக் கட்டுப்பட்டவர் என்று முதலில் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒருமுறையாவது சொல்கிறாரா என்று பாருங்கள். பெண்கள் கேட்கிற கேள்விக்கும் அதே பொறுமையோடு பதில் வருகிறதா என்று கவனியுங்கள். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். நாம் யாரோ போனில் பேசினதை ஆராய்ந்து பார்த்தால் தப்பு ஒன்றும் வந்துவிடாது.

சபை பத்தவில்லையா என்று கேட்டீர்கள் அக்கா. சபை எனக்கு வேண்டும். சபையில் கேள்விக்கு ஒரு மணி நேரமும் வேண்டும். ஐயாவிடம் போன மாதம் கேட்டேன், இரண்டாம் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அரை மணி நேரம் தருகிறேன் என்றார். முதல் தடவை எட்டுப் பேர் உட்கார்ந்தோம். அடுத்த தடவை அறுப்பு நேரம், மூன்று பேர்தான். வாலிபப் பையன் ஒருவன், "தற்கொலை பண்ணிக்கிட்டவங்களுக்கு ஏன் சில ஊர்ல ஆலயத்துல அடக்க ஆராதனை வைக்க மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டான். ஐயா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அடுத்த ஊர் ஆராதனை அன்றைக்கு இருபது நிமிஷம் தாமதம்.

வருகிற செவ்வாய் யாக்கோபு நிருபம் தொடங்குகிறோம். 1522-ல் லுத்தரே அதை வைக்கோல் நிருபம் என்று எழுதினார் என்று ஆசிரியர் சொல்லி வைத்திருக்கிறார், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. வைக்கோலின் அருமை தெரிந்த ஊர்க்காரர்கள் நாம் வந்து பதில் சொல்ல வேண்டாமா? சாப்பாடு முடித்துவிட்டு 9 மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் அக்கா. அத்தை கட்டில் பக்கத்தில் பாய் போட்டு வைக்கிறேன், ஒரே போனில் மூன்று பேரும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல உங்கள் பக்கத்தில்தான் உட்காருவேன்.