யாரும் பார்க்காத டிவி

"பிள்ளை எங்கே பார்க்குது, அது பாட்டுக்கு ஓடட்டும்." கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. கார்ட்டூனைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். பெரியவர்களுக்காக ஓடும் டிவியைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

ஒரு வயதுக் குழந்தை விளையாடுவதைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். டப்பா மூடியைத் திறக்கும், திருப்பிப் பார்க்கும், வாயில் வைக்கும், மறுபடி மூடப் பார்க்கும். அதற்கு அது பெரிய வேலை. பின்னால் விளம்பரச் சத்தம் எகிறினால் தலை திரும்பும். இரண்டு மூன்று நொடிதான். அதற்குள் மூடி மறந்துபோய், கை வேறு எதையோ எடுத்திருக்கும். 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 1 முதல் 3 வயதுக் குழந்தைகள் விளையாடும்போது பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியைப் பக்கத்தில் ஓடவிட்டார்கள். பிள்ளைகள் திரையை அவ்வளவாகப் பார்க்கவில்லை. இருந்தும் ஒன்றி விளையாடும் நேரம் குறைந்துபோனது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பேச்சு. டிவி ஓடினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். குழந்தைகளின் சட்டையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வந்தது. டிவி சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தை காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. டிவிதான் பேசுகிறதே என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் பேசியவர்களிடமிருந்து சீன மொழி ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. குழந்தை எதைக் கைகாட்டுகிறது என்று டிவிக்குத் தெரியாது. "ஆமாண்டா தங்கம், பந்துதான்" என்று பதில் சொல்லவும் வராது.

2 வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்குமேல் 4 வயதுவரை 1 மணி நேரம் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. சரி, ஒற்றை ஆளாகக் குழந்தையையும் அடுப்பையும் பார்க்கிற தாய் கொஞ்ச நேரம் டிவி போட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கைமாற்ற ஆள் இல்லாததுதான் அங்கே பிரச்சினை. நான் கேட்பது மற்றவர்களை. வீட்டுக்குள் நுழைந்ததும் ரிமோட்டைத் தேடுகிறவர்கள், செய்தி சேனலை ஓடவிட்டுப் போனை நோண்டுகிறவர்கள். பார்ப்பதென்றால் குழந்தை தூங்கியபின் நிம்மதியாகப் பாருங்கள். பார்க்கவில்லையா, அணைத்துவிடுங்கள். முதல் சில நாள் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும். அப்புறம் நீங்களே பிள்ளையோடு பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.