பிணந்தின்னிக் கழுகு எழுதுவது

புயல் அடித்தாலும் பவளப்பாறை பார்க்க மெக்சிகோவின் கொசுமெல் தீவுக்கு டைவ் (கடலில் முழுகிப் பார்ப்பது) போகிறேன் என்று முந்தாநாள் நான் போட்ட பதிவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பதிவை அழித்துவிடச் சொன்னாள் மனைவி. அழிக்கப் போவதில்லை. 'பிணந்தின்னிக் கழுகு' என்று அங்கே ஒருவர் எனக்குக் கொடுத்த பட்டத்துக்கு 41 லைக். அதில் 6 பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள். இருக்கட்டும்.

ஒரே ஒரு விஷயம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். புயல் அடித்த ஊருக்குப் போகாமல் இருப்பது இரக்கம் இல்லை. அது வெறுமனே போகாமல் இருப்பது, அவ்வளவுதான்.

இந்த டைவ் பயணம் ஜனவரியிலேயே முடிவானது. ஆறு பேர். 2024 ஜூலை 5ஆம் தேதி பெரில் புயல் மெக்சிகோவின் துலும் ஊர்ப் பக்கம் கரையைக் கடந்தது. மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் போனது. கடல் தாண்டி எதிரே இருக்கும் கொசுமெல் தீவு பெரிய சேதமில்லாமல் தப்பியது. அதே பெரில்தான் மூன்று நாள் கழித்து நம் ஹூஸ்டனுக்கும் வந்தது. இருபது லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் மின்சாரம் இல்லை. எந்தப் பகுதிக்குக் கரண்ட் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, வாட்டபர்கர் உணவகத்தின் செயலியைத் திறந்து எந்தக் கிளை திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோமே, மறந்துவிட்டதா? எங்கள் வீட்டில் ஐந்து நாள் இருட்டு. இட்லி மாவு புளித்துப் பொங்கி ஃப்ரிட்ஜ் கதவு வழியாக வழிந்தது. சேதக் கணக்குப் பார்த்தால், ஹூஸ்டனுக்கு வரலாமா என்று கொசுமெல்காரர்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் 'அங்கே மக்கள் கஷ்டப்படும்போது நாம் போய் மீன் பார்ப்பதா' என்று நான்கு பேர் விலகிவிட்டார்கள். யார் கஷ்டப்படுகிறார்கள், என்ன கஷ்டம் என்று ஒருவராவது விசாரித்தாரா? நான் விசாரித்தேன். படகுக்காரருக்கு எழுதிக் கேட்டேன். தண்ணீர் தெளிந்துவிட்டதா, மூச்சுக்காற்று சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரஸர் ஓடுகிறதா, ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்து யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும், தீவில் உள்ள அழுத்த அறை இயங்குகிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். அதற்கு மின்சாரம் வேண்டும், புயலுக்குப் பிறகு முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. 'எல்லாம் சரி. ஆட்கள்தான் வரவில்லை' என்று எழுதியிருந்தார்.

இதை எழுதும்போது எனக்குத் திருவாரூர்தான் ஞாபகம் வருகிறது. 2005 ஜனவரி, பொங்கல் கழிந்த சமயம். நாகப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் உண்டு. சுனாமிக்குப் பிறகு முதல் தடவையாக அன்றைக்குத்தான் வந்தார். அவர் தம்பி மகளைக் கடல் கொண்டுபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு, மீன் பிணத்தைத் தின்றிருக்கும் என்று. யாரும் மீன் வாங்கவில்லை. எங்கள் அம்மாவும் 'மனசு ஒப்பலக்கா' என்றார். 'இது நம்ம கடல் மீன் இல்லம்மா, கேரளாவுலேர்ந்து ஐஸுல வந்தது' என்று அவர் சொல்லிப் பார்த்தார். அம்மா காப்பி கொடுத்தார், கூடவே அழுதார். மீன் மட்டும் வாங்கவில்லை. கூடையைத் தலைக்குத் தூக்கிவிட என்னைக் கூப்பிட்டார் அந்த அம்மா. ஈரச் சாக்கோடு சேர்த்துத் தூக்கினேன். வந்தபோது இருந்த கனம் அப்படியே இருந்தது.

எங்கள் அம்மாவுக்கு இரக்கம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

சரி, அடுத்த குற்றச்சாட்டு. 'அடிபட்டுக் கிடக்கும் பவளத்தை நீங்களும் போய் மிதிக்க வேண்டுமா?' இதில் நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன் காலை உதைத்தால், புயல் விட்டுவைத்ததும் உடையும். மூட வேண்டியிருந்தால் கொசுமெல் பவளப்பாறைப் பூங்காவின் அதிகாரிகளே மூடிவிடுவார்கள். 2019 அக்டோபரில் பவளத்தைத் தின்னும் நோய் பரவியபோது பலன்கார், கொலம்பியா, எல் சியேலோ என்ற மூன்று இடங்களையும் மூடினார்கள். அந்த வருடம் நான் போகவில்லை. இப்போது திறந்திருக்கிறது. கையுறைகூடப் போடக் கூடாது என்று விதி, பாறையைப் பிடிக்கும் தைரியம் வராமல் இருக்க. இதைவிட என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இன்னொன்று. புயல் உடைத்த பவளம் உடனே செத்துவிடாது. மணலில் உருண்டுகொண்டே இருந்தால்தான் சாகும். யாராவது சீக்கிரம் போய்ப் பொறுக்கி, பாறையில் சிமெண்ட் வைத்து ஒட்டினால் பிழைக்கும். கொசுமெல் இருக்கும் மெக்சிகோ மாநிலம், குயின்டானா ரூ, பவளப்பாறைக்கே காப்பீடு எடுத்தது. உலகத்தில் அதுதான் முதல் தடவை. காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் பணம், எத்தனை உடைந்தது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. 2020இல் டெல்டா புயல் அடித்ததும் 8 லட்சம் டாலருக்குக் குறையாமல் வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் முழுகிப் போய் ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒட்டினார்கள். சுற்றுலாவில் பிழைக்கும் மாநிலம் என்பதால்தான் அந்த யோசனையே வந்தது. பார்க்க வருகிறவன் இல்லாத பாறைக்கு எந்த அரசு பிரீமியம் கட்டும்?

ஜமைக்காவைப் பாருங்கள். 1980இல் ஆலன் புயல் பவளத்தை நொறுக்கியது. மீண்டு வந்திருக்கும். ஆனால் பாசியைத் தின்னும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1983இல் பாசியை மேயும் கடல் முள்ளெலிகளும் நோயில் செத்தன. பாசி பவளத்தை மூடிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் பாதிக்கு மேல் பவளமாக இருந்த கடலடி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே. புயல் ஒரு நாள் வேலை. மீதி வேலையைப் பல வருடம் நிதானமாகச் செய்தவர்கள் வேறு.

'புயல் சீசனில் யாராவது கரீபியனுக்குப் போவார்களா?' என்று கேட்ட நண்பருக்கு: விமானக் கட்டணம் குறைவு. போவோம்.

'அந்தக் காசை நிவாரணத்துக்கு அனுப்பலாமே' என்றார் ஒருவர். அனுப்புங்கள், யார் தடுத்தது? விலகிய நால்வரில் எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று மட்டும் யாராவது கேட்டுச் சொல்லுங்கள். கரீபியன் நாடான கிரெனடாவின் கரியாகோ தீவில் இதே பெரில் கிட்டத்தட்ட ஒரு கட்டடத்தையும் விடவில்லை. அங்கே டைவ் போகிறேன் என்று நான் சொன்னேனா? இரண்டும் ஒன்றா? இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவர்கள் எனக்கு மனிதாபிமானம் சொல்லித்தர வருகிறார்கள்.

கழுகு என்று எழுதிய மகானைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். 2017இல் ஹார்வி புயல் வந்து அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஒன்பது நாள் எங்கள் வீட்டில் இருந்தார்கள், குழந்தைகளோடு. அப்போது எத்தனையோ பேர் 'பிரார்த்தனைகள்' என்று பதிவு போட்டார்கள், கைகூப்பும் பொம்மையோடு. வீட்டுக்கு வந்து நாற்றமடித்த கார்ப்பெட்டைக் கிழித்து வெளியே போட்டது யார் என்று அவருக்குத் தெரியும். செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இதைப் படித்துவிட்டு மனைவி சொல்கிறாள். சொல்லிவிட்டேன், போகட்டும்.

காலையில் படகுக்காரர் மறுபடி எழுதியிருந்தார். வராத நான்கு பேரின் முன்பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்று அவராகவே கேட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே.

வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டுவிட்டேன். அந்த நால்வருக்கும் இதைப் படிக்கும்போதுதான் தெரியும். சண்டை போடுவதென்றால் வியாழன் இரவுக்குள் போன் செய்யுங்கள். வெள்ளி காலை ஆறு மணிக்கு எனக்கு விமானம்.